கப்பித்தான் கூவாத காலை

என் கிழவருக்கு,

கண் ஆபரேஷன் முடிந்து உங்கள் கட்டை அவிழ்த்துவிட்டதாக மணிலாவிலிருந்து மகன் சொன்னான். டாக்டர் அழக்கூடாது என்றாராமே, அதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் நம் பேத்தி ரோசெல் சமையலறை மேசையில் உட்கார்ந்தபடி ஆஸ்திரேலியாக்காரி ஒருத்தியின் இணையக் கடையையே நடத்துகிறாள். சோப்பு கேட்பவர்களுக்குப் பதில், பார்சல் வராதவர்களுக்குச் சமாதானம், எல்லாம் இவள்தான். சோப்பு காய்ச்சுவது மட்டும்தான் அந்த அம்மாளின் வேலை. ஒரு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தாள்.

தினமும் பத்து மணிக்கு இருவரும் திரையில் பேசுவார்கள். சரியாக அப்போதுதான் உங்கள் சண்டைச் சேவல் கப்பித்தானுக்குத் தொண்டை திறக்கும். "ஸாரி மேடம், ஸாரி மேடம்" என்று பிள்ளை குன்றிப்போவாள். "பாட்டி, இந்தச் சேவலாலேயே என் வேலை போகப் போகுது" என்று ஒருநாள் அழுதேவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை பச்சைப் பப்பாளியும் முருங்கைக்கீரையும் போட்டுக் கோழிச்சாறு வைத்தேன். கறி கொஞ்சம் கடினமாகத்தான் இருந்தது. ஆமாம், கப்பித்தான்தான்.

மறுநாள் பத்து மணிக்கு வீடு அமைதி. அந்த அம்மாள் பேச்சை நிறுத்தி, "எங்கேம்மா உங்க சேவல்? அது கூவினாத்தான் எனக்குப் பொழுதே விடியுது. உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள்.

ரோசெல் என்னைப் பார்த்தாள். நான் சட்டியைப் பார்த்தேன்.

"ஓய்வெடுக்குது, மேடம்."

அந்த அம்மாள் வேலையை அன்றே நிரந்தரமாக்கிவிட்டாள். ஆனால் தினமும் சேவலை விசாரிக்கிறாள்.

கோபத்தை மகன் வீட்டிலேயே தீர்த்துவிட்டு, வரும்போது நல்ல குரலுள்ள சேவல் ஒன்று வாங்கி வாருங்கள். சண்டை தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பத்து மணிக்குக் கூவினால் போதும்.

உங்கள் கிழவி