ஏழுக்கு அடுத்த எட்டு

பீரோவைத் திறந்தால் மறுபடியும் அந்த எண்ணெய் வாசனை. ஒரு வருஷமாக அது இல்லை. என் புடவைகளில் பாச்சை உருண்டை வாசனைதான் வந்துகொண்டிருந்தது, நானும் அதற்குப் பழகிவிட்டேன். முந்தாநாள்தான் துப்பாக்கியை உறையோடு கொண்டுவந்து உள்ளே வைத்துப் பூட்டினேன். இன்று காலைப் பூசைக்குப் போகப் புடவை எடுத்தபோது குப்பென்று அடித்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் பேப்பரை விரித்துக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருப்பதுபோல ஒரு நிமிஷம் தோன்றியது. சாப்பிடுகிற இடத்தில் இதெல்லாம் எதற்கு என்று சண்டை போட வாயைத் திறந்தேன். ஆள் இல்லை. புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வந்திருப்பது ஒன்றுதான். இன்னொன்று எங்கே என்று உடனே கேட்பீர்கள். சொல்கிறேன், அவசரப்படாதீர்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சரியாகச் செய்தேனா, கெடுத்துவிட்டேனா என்று எனக்கே தெரியவில்லை.

கல்யாணமாகி மந்தைவெளி வீட்டுக்கு நான் வந்தபோது அந்த இரட்டைக்குழல் துப்பாக்கி எனக்கு முன்பே அங்கே குடியிருந்தது. உங்கள் அப்பா வாங்கியது, அந்தக் காலத்தில் பழவேற்காடு பக்கம் வாத்து சுடப் போவாராம். நீங்கள் ஒரு காக்காயைக்கூட விரட்டியதில்லை. கரப்பான்பூச்சி வந்தால் என்னைத்தான் கூப்பிடுவீர்கள். ஆனால் வாரம் தவறாமல் குழலைக் கழற்றி, கம்பியில் துணி சுற்றி உள்ளே விட்டுத் துடைத்து, எண்ணெய் போட்டு மாட்டுவீர்கள். விசைக்குக் கீழே இரும்பில் ஒரு நீளமான எண் பொறித்திருந்தது. அதன் கடைசி இலக்கம் ஏழு. அதனால் நம் வீட்டில் அதற்குப் பெயரே ஏழு.

“எட்டு இந்த ஊர்லதான் எங்கேயோ இருக்கு” என்பீர்கள். “ரெண்டும் ஒரே பட்டறையில ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா வந்தது. ஒண்ணு இங்க இருக்கு, ஒண்ணு யார் வீட்டுப் பரண்லயோ துருப்பிடிச்சுக் கிடக்கு.”

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஏழுக்கு அடுத்தது எட்டு என்று சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தே காலம் தள்ளியவள். அந்த எட்டைத் தேடி ஒரு மனுஷன் ஊரெல்லாம் அலைவான் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. “கிடைச்சா என்ன பண்ணப் போறீங்க?” என்று கேட்டால், “பக்கத்துல வெச்சுப்பேன்” என்பீர்கள்.

உங்களுக்குத் தேர்தல்தான் திருவிழா. தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும், ஓட்டெல்லாம் எண்ணி முடித்த பிறகுதான் திரும்ப வாங்கலாம். மற்றவர்கள் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். நீங்கள் மவுன்ட் ரோடு கடைக்குத்தான் போவீர்கள். ஊரில் பாதித் துப்பாக்கி அங்கேதான் வந்து சேரும் என்று கணக்குப் போட்டிருந்தீர்கள். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, தயிர்சாத டப்பாவோடு கடைக்கார பாய்க்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிற ஒவ்வொன்றுக்கும் சீட்டுக் கட்டிக் கொடுப்பீர்கள், சம்பளமில்லாத குமாஸ்தா மாதிரி. எல்லாரும் யார் ஜெயிப்பார்கள் என்று அடித்துக்கொள்ளும்போது நீங்கள் விசைக்குக் கீழே குனிந்து எண் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அப்படி ஒரு தேர்தல் சமயத்தில் ஒரு சாயங்காலம் தயிர்சாத டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தீர்கள். அடுத்த வாரத்திலிருந்து நொண்ட ஆரம்பித்தீர்கள். முழங்கால் வலி என்றீர்கள். அடையாறில் ஒரு எலும்பு டாக்டர் இருக்கிறார், கைராசிக்காரர் என்றீர்கள். தலைவலி மாத்திரைகூட வாங்காத மனுஷன் டாக்டரிடம் தானாகப் போகிறாரே, ஏதோ பெரிசாக இருக்கிறது என்று நினைத்தேன். பெசன்ட் நகர் மாதா கோயிலில் உங்கள் முழங்காலுக்காக நான் மெழுகுவத்தி ஏற்றினேன். ஒன்றல்ல, கட்டுக் கட்டாக.

பிறகு ஒரு நாள் நொண்டாமல் விறுவிறுவென்று மாடிப்படி ஏறி வந்தீர்கள். கையில் நீள உறை.

“முழங்கால் என்ன ஆச்சு?” என்றேன்.

“சரியாப் போச்சு” என்றீர்கள்.

அந்த டாக்டரிடம்தான் எட்டு இருந்திருக்கிறது. தேர்தலுக்கு அவர் ஒப்படைக்க வந்தபோது கடையில் எண்ணைப் பார்த்திருக்கிறீர்கள். கொடுக்க மாட்டேன் என்றவரிடம் நோயாளியாகப் போய்ப் போய்ச் சிநேகம் பிடித்திருக்கிறீர்கள், கடைசியில் அவரே சலித்துப்போய்க் கொடுத்திருக்கிறார். லைசென்ஸில் அதையும் சேர்ப்பதற்காகக் கமிஷனர் ஆபீசுக்கு நடந்தபோதுகூட என்னிடம் மூச்சு விடவில்லை. நான் ஒரு வாரம் உங்களோடு பேசவில்லை. ஆனால் அன்றைக்கு இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தீர்களே, அடுக்களையிலிருந்து பார்த்தேன். உங்கள் கண் கலங்கியிருந்தது. இரும்புக்காக அழுகிற ஆளுக்கா வாக்கப்பட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். ஒருத்தர் மூன்று வைத்திருக்கலாம் என்றிருந்த சட்டத்தை மாற்றி இரண்டுதான் என்று சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள். “எனக்கு ரெண்டே போதும்.” அதையும் நான் வெறும் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

போன தவக்காலத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். லைசென்ஸ்காரர் இல்லாமல் துப்பாக்கி வீட்டில் இருக்கக்கூடாது என்றார்கள், இரண்டையும் அதே கடையில் ஒப்படைத்தேன். கோயம்புத்தூரிலிருந்து மகள் தினமும் போனில், “அம்மா, போலீஸ்ல குடுத்துடுங்க, அவங்க அறுத்துப் போட்டுடுவாங்க, தலைவலி விட்டது” என்றாள். பாய் வேறு மாதிரி சொன்னார். “ஜோடி நம்பரும்மா, சேர்த்து வெச்சுக்க ஆசைப்படறவங்க இருக்காங்க. என்ன பண்றதுன்னு சீக்கிரம் சொல்லுங்க.” அறுக்கக் கொடுக்கவும் மனசில்லை, முகம் தெரியாதவருக்குக் கொடுக்கவும் மனசில்லை. உங்களைக் கேட்காமல் உங்கள் பொருளில் நான் எதை முடிவு செய்திருக்கிறேன்?

கடைக்குக் கூட வர ஆள் வேண்டியிருந்தது. வந்தது உங்கள் தம்பி.

ஆமாம், அவர்தான். வடபழனியில் இருந்துகொண்டு, சினிமாவில் லைட் வேலை பார்த்துக்கொண்டு, நம் கல்யாணத்திலேயே கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர். நான் வருவதற்கு முன்பே உங்கள் இரண்டு பேருக்கும் பேச்சில்லை. ஏன் என்று கேட்டதற்கு ஒரே ஒரு தடவை, “விக்கக்கூடாததை வித்துட்டான்” என்றீர்கள். சாந்தோமில் இருந்த உங்கள் அம்மாவின் வீட்டுப் பங்கைச் சொல்கிறீர்கள் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். உங்களை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே நின்றார். எல்லாரும் போன பிறகு கிட்டே வந்து, “எங்கனா போணும்னா சொல்லுங்க அண்ணி, நான் வர்றேன்” என்றார். வேறு யாரும் அப்படிச் சொல்லவில்லை.

பாய் இரண்டு உறையையும் பிரித்து வைத்தார். உங்கள் தம்பி சும்மாதான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எட்டின் மரக்கட்டைப் பிடியைத் தடவினார். கண்ணாடிகூடப் போடாமல், குனிந்துகூடப் பார்க்காமல், அதன் முழு எண்ணையும் ஒப்பித்தார்.

“இன்னா அண்ணி இது” என்றார். “இது என்னுது.”

அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் எல்லாவற்றையும் சொன்னார். உங்கள் அப்பா வாங்கியது ஒன்றல்ல, இரண்டு. மூத்தவனுக்கு ஏழு, அடுத்தவனுக்கு எட்டு. “அப்போ வேலை இல்ல அண்ணி. வித்துக்கினு வந்துட்டேன். அண்ணன்கிட்ட கேட்டிருந்தா எதுனா பண்ணியிருப்பாரு. கேக்கல. துப்பாக்கி போச்சேன்னு அவருக்குக் கோவம் இல்ல, தன்னாண்ட வந்து கேக்கலன்னுதான் கோவம். அது எனக்கு அப்பவே தெரியும்.”

ஊர் பூரா அலைந்து துப்பாக்கியின் தம்பியைத் தேடினீர்களே, உங்கள் தம்பி பன்னிரண்டு பி பஸ் ஏறினால் வந்துவிடுகிற தூரத்தில்தானே இருந்தார். கிடைத்த பிறகும் ஏன் சொல்லவில்லை? அவருக்குக் கொடுக்கத்தான் தேடினீர்களா, அவருக்குக் கிடைக்கவே கூடாது என்று தேடினீர்களா?

பாயைக் கேட்டேன். அவர் மோவாயைச் சொறிந்துகொண்டு, “ஒரு வாட்டி நானே கேட்டேம்மா, தம்பிக்குக் குடுக்கலாமே சார்னு. ‘வந்து கேக்கட்டும்’னார். அவ்ளோதான்” என்றார்.

அதற்கப்புறம் பல நாள் அந்த இரண்டு வார்த்தையை நான் மென்றுகொண்டிருந்தேன். எந்தக் குரலில் சொன்னீர்கள் என்று தெரிந்தால் போதும். வீம்பாகவா, ஏக்கமாகவா? பாய்க்கு ஞாபகமில்லை. சமைக்கும்போது நானே இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்த்தேன், இரண்டுமே உங்கள் குரலாகத்தான் இருந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. எட்டு உங்களிடம் இருப்பதே அவருக்குத் தெரியாதபோது எப்படி ஐயா வந்து கேட்பார்? எனக்கு மெழுகுவத்தி வாங்க நேரம் இருந்தது, உங்களுக்கு ஒரு போன் பண்ண நேரம் இல்லையா?

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்து அவரைக் காபிக்குக் கூப்பிட்டேன். லைசென்ஸுக்கு எழுதிப் போடுங்கள், எட்டை வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“அது வேணாம் அண்ணி. அண்ணன் தேடிப் புடிச்சு வெச்சது, அது உங்களாண்டயே இருக்கட்டும்.” உங்கள் நாற்காலியைப் பார்த்தார். “எனக்கு அண்ணனோடதைக் குடுங்க. கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க.”

நான் அதை எதிர்பார்க்கவே இல்லை. ஏழு உங்கள் கைபட்டது. முதல் நாளிலிருந்து நான் பார்த்தது. அதைக் கொடுத்துவிட்டு அவர் விற்றதை நான் வைத்துக்கொள்வதா? ஆனால் அந்த முகத்தைப் பார்த்து எப்படி முடியாது என்பது? சரி என்றேன். சொன்ன பிறகு அடுக்களைக்குள் போய் அழுதேன், எதற்கென்று தெரியாமல்.

இரண்டு பேருக்கும் லைசென்ஸ் வர இவ்வளவு நாளாயிற்று. விசாரிக்க வந்த போலீஸ்காரர், “எதுக்கும்மா உங்களுக்குத் துப்பாக்கி?” என்றார். என் வீட்டுக்காரரைக் கேளுங்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. பயிற்சி வேண்டும் என்று அனுப்பினார்கள், ஒரே ஒரு குண்டு சுட்டேன், தோள்பட்டை நாலு நாள் வலித்தது. நிஜ வலி, உங்கள் முழங்கால் மாதிரி இல்லை.

இன்று பூசை முடிந்து வந்தபோது உங்கள் தம்பி வாசலில் நின்றுகொண்டிருந்தார், உறையில் ஏழோடு. எண்ணெய் எப்படிப் போடுவது என்று அவருக்கு மறந்துவிட்டதாம். நான் சாப்பாட்டு மேஜையில் பேப்பரை விரித்தேன். கம்பியில் துணி சுற்றுவதை அவருக்குக் காட்டிக் கொடுத்தேன். என் கைக்கு அது தெரிந்திருந்தது, இத்தனை வருஷம் திட்டிக்கொண்டே பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. ஏழும் எட்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அடுத்த தேர்தல் வந்தால் இரண்டையும் ஒரே ஆட்டோவில் பாய் கடைக்குக் கொண்டுபோகலாம் என்றார். தயிர்சாதம் கட்டித் தருகிறேன் என்றேன்.

எனக்கு இன்னும் ஒன்றும் புரியவில்லை. வந்து கேட்கட்டும் என்றீர்கள். வந்து கேட்டார், நானும் கொடுத்துவிட்டேன். நீங்கள்தான் வீட்டில் இல்லை.