தொரை இல்லாத ஊர்

இன்று காலை ஹட்டன் கடைத்தெருவில், முஸ்லிம் நானாவின் மளிகைக் கடைச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கியது. ஜெர்மனியின் சின்னஞ்சிறு நகராட்சி ஒன்றின் படம். ஆறு வளைகிறது, சரிவெல்லாம் திராட்சைக் கொடி, கரையோரம் ஒற்றைத் தண்டவாளம். சாமான் வாங்க வந்ததை மறந்து நின்றுவிட்டேன். கரும்பலகையில் நீ வரைந்த ஊரும் இப்படித்தான் இருந்தது.

நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளியில் நாம் இருவர்தான் வாத்தியார்கள். ஒரே அறை, தடுப்பு கிடையாது. நான் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, நீ பழைய பூகோளப் புத்தகத்தில் இருந்த அந்த ஊரைச் சொல்லிக்கொண்டிருப்பாய். ஆற்றில் படகு போன காலம், போரில் மதில் இடிந்தது, மறுபடி கட்டியது, பிறகு ரயில் வந்து தூரத்துச் சந்தையும் பக்கமாகிப்போனது. என் பிள்ளைகளும் கணக்கை விட்டுவிட்டு உன் பக்கம் திரும்பிவிடுவார்கள்.

ஒருநாள் ஒரு பெண்பிள்ளை எழுந்து உன்னிடம், "அங்க தொரை யாருங்க சார்?" என்று கேட்டாள்.

"தொரை இல்லம்மா. ஊர்ச்சனங்களே கூடி ஒருத்தரத் தலைவரா வச்சுக்குவாங்க."

"அப்ப காலையில பெரட்டுல யாருங்க பேரு கூப்புடுவா?"

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் அதே சந்தேகம். மலைச்சரிவு என்றால் தோட்டத்தை ஆளும் துரை இருப்பார், வரிசை வீடுகளாக லயம் இருக்கும், விடிந்ததும் பெரட்டில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்கள். வேறு விதமான ஊரை அந்தப் பிள்ளைகள் எங்கே பார்த்தார்கள்? அன்று மாலை நீ என்னிடம், "நம்ம தோட்டத்த எந்தப் படத்துல ஊருன்னு காட்டுறது?" என்றாய்.

சுதந்திரத்துக்குப் பின் வந்த சட்டம், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளான நம்மவர்களை நாடற்றவர்களாக்கியது. பிரஜாவுரிமைக்கு இருவரும்தான் மனுப் போட்டோம். எனக்குக் கிடைத்தது. அதே லயத்தில் பிறந்த உனக்கு இல்லை என்றார்கள். ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

உன்னை இந்தியாவுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். தலைமன்னாரில் கப்பலேற, ஹட்டன் ஸ்டேஷனில் உன்னை வண்டியேற்றினேன். நீ அழவில்லை. "பாக்காத ஊருக்கெல்லாம் வழி சொல்லிக் குடுத்தேன். நான் எறங்கவேண்டிய எடம் எதுன்னு தெரியலப்பா" என்றாய்.

நீ இறந்த செய்தியைக் கொண்டுவந்தவருக்கு ஊர்ப் பெயர் தெரியவில்லை. "திருச்சிக்கு அங்கிட்டு எங்கயோ" என்றார். இந்தியப் படத்தை விரித்து அந்தப் பக்கம் விரலை ஓட்டிப் பார்க்கிறேன். எங்கும் நிற்க மாட்டேன் என்கிறது. எதற்கும் ஓர் உதாரணம் சொல்லியே பழகியவன் நான். இதற்கு ஒன்றும் வரவில்லை. உன்னை இறக்கிவைக்க ஓர் இடமில்லாமல் சுமந்துகொண்டிருக்கிறேன்.