விண்கலத்தில் திறந்த ஜன்னல்

அன்புள்ள அம்மாவுக்கு, மங்கை எழுதுவது. உன் முட்டி வலி குறைந்ததா? திருவொற்றியூரில் நான் நலம்.

துணிக் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு விளையாட்டு. நான் விண்வெளிக் கதை சொல்வேன். மற்றவர்கள் அதில் வரும் ஆட்களாகித் தாயக்கட்டை உருட்டுவார்கள்; விழும் எண்ணைப் பார்த்து அடுத்து நடப்பதை நான் சொல்வேன். நேற்று ராயபுரத்து டெபோரா அக்கா, "புழுக்கமா கீது" என்று கதையில் விண்கலத்தின் ஜன்னலைத் திறந்துவிட்டாள். வெளியே காற்றே இல்லை, எல்லாரும் செத்தீர்கள் என்றேன்.

"இன்னாமே, காத்துக்கு ஜன்னல தொறந்தா சாவாங்களா? எட்டாவதோட நின்னவ எங்கள சாவடிக்கிறியா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். இனிமேல் கதை அவள்தான் சொல்வாளாம்! கதை என்னுடையது, அம்மா! கட்டையைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்று தனியாகச் சாப்பிட்டேன். என் அறிவியல் புத்தகத்தைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிடாதே, உடனே அனுப்பு. காற்றுப் பாடத்தைத் தங்கச்சி மடித்து வைக்கட்டும். உன் பதில் கடிதத்தில் அவளை நாலு வரி கூடுதலாக எழுதச் சொல். மணி அடிக்கிறது.

மங்கை