மணலில் இறக்கிவிடப்பட்ட ரவி

அண்ணை,

இன்று காலை இந்தச் சுவிஸ் நகரத்துப் பேர்ண் தியேட்டரைத் துடைக்கப் போனபோது, வாசல் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தப் பழைய படத்தின் சுவரொட்டி மறுபடியும் தொங்கியது. வாளியை வைத்துவிட்டு நின்றேன். நீங்கள் செத்துப்போன பிறகு, நாமிருவரும் செய்த வேலையை நான் ஒருத்தியே செய்கிறேன். முழங்கால் நோகிறது.

படங்கள் பேசத் தொடங்கிய புதிதில் எடுத்தது. பாலைவனத்தில் தொலைந்துபோன ஒரு ராச்சியம், அதைத் தேடிப் போகும் இரண்டு சிநேகிதர். வேலையாட்களுக்கென்று தந்த டிக்கெட்டில் ஒரு ஞாயிறு மத்தியானம் போய்ப் பார்த்தோம். குரல்கள் தகரப் பேணிக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டன.

"உந்த வெயிலுக்கை ராணி எப்பிடி இவ்வளவு நகையும் போட்டிருக்கிறா?" என்று நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. சிநேகிதர்களில் ஒருவன் மட்டும் ஒட்டகத்தில் திரும்பி வந்த இடத்தில் எழுந்து வெளியே போய்விட்டீர்கள்.

டிராம் தரிப்பிடத்தில் உங்களைக் கண்டுபிடித்தேன்.

"தங்கச்சி, நானும் ஒருத்தனை மணலிலை விட்டிட்டு வந்தனான்."

ஊரைவிட்டு ஆபிரிக்கப் பாலைவனம் வழியாகக் கள்ளமாக நீங்கள் சுவிஸுக்கு வந்தது எனக்குத் தெரியும். கூட வந்த ரவியைப் பற்றி அன்றுதான் சொன்னீர்கள். கடுங்காய்ச்சல். இனித் தாங்கமாட்டான் என்று, உங்களை ஏற்றிவந்த லொறிக்காரர் அவனை நடுமணலில் இறக்கிவிட்டார்கள்.

"நான் இறங்கேல்லை."

"உயிர் இருந்ததோ, அண்ணை?"

"ஓம். கண் திறந்திருந்தது. என்னைத்தான் பாத்தவன்."

யாழ்ப்பாணத்தில் இருந்த அவன் மனைவி மகேஸிடம், வழியில் பிரிந்துவிட்டோம் என்றுதான் அத்தனை வருடமும் சொல்லியிருந்தீர்கள். அவர் காத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் இடைவேளையில், தியேட்டரின் பின்னறையில் இருந்து அவருக்குப் போன் எடுத்தீர்கள். எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். தனியே கேட்க உங்களுக்குத் துணிவில்லை என்று தெரிந்தது.

"மகேஸ், ரவி இல்லையம்மா. காய்ச்சல். என்ரை மடியிலைதான் நித்திரையாப் போனவன்."

பிறகு, "இதை இவ்வளவு காலமும் தனியச் சுமந்தனீங்களோ, அண்ணை?" என்று கேட்டார். நீங்கள் நிலத்தில் குந்தி அழுதீர்கள்.

"ஏன் மடியெண்டு சொன்னனீங்கள்?" என்று பிறகு கேட்டேன்.

"அதுக்கு மேலை என்னாலை ஏலாது."

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் உங்களோடு சரியாகக் கதைக்கவில்லை. அதற்காக இப்போது வருந்துகிறேன்.

உங்கள் செத்தவீட்டுக்குப் பிறகு மகேஸ் அக்கா எனக்கு எடுக்கத் தொடங்கினார். போன கிழமை மெதுவாகக் கேட்டார்: "என்ரை மனுசன்ரை கடைசி நேரத்தைப் பற்றி அண்ணை வேறை ஏதும் உம்மட்டைச் சொன்னவரோ?"

உண்மை ஒரு கணம் வாய்வரை வந்தது.

"இல்லை அக்கா. மடியிலை, நித்திரையிலை எண்டுதான் சொன்னவர்."

"அது போதும் பிள்ளை," என்றார்.

என் குரல் நடுங்கவில்லை, அண்ணை. ரவியின் கண்கள் திறந்திருந்ததை இனி அறிந்தவள் நான் ஒருத்திதான்.