குளியலறைக் குழாய்

அன்புள்ள அப்பாவுக்கு,

நடந்ததை நடந்தபடி, ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

உங்களைப் போன்ற வெல்டர்கள் குடிவந்தால் அரசாங்கம் வீடும் உதவித்தொகையும் தரும் என்றுதானே இந்தப் புதிய ஊருக்கு வந்தோம்? தொழிற்சாலையை இன்னும் திறக்கவில்லை. நீங்கள் வேறு வேலை தேடிப் போனதை நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் இங்கே இருந்தால்தான் வீடு நமக்கு என்பதால், அம்மா தினமும் உங்கள் சட்டையை நனைத்துக் கொடியில் போடுகிறாள்.

இன்று அதிகாரி சரிபார்க்க வந்தார். அவர் படியேறுவதை ஜன்னலில் பார்த்ததுமே குளியலறை விளக்கைப் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்தினேன்.

"எங்கம்மா உங்க வீட்டுக்காரர்?"

அம்மா வாய் திறக்கும் முன், "குளிக்கிறார் சார்" என்று நான் முந்திக்கொண்டேன்.

"நல்லா குளிக்கட்டும். பார்த்துட்டே போறேன்."

உட்கார்ந்துவிட்டார். அம்மா கொடுத்த டீயைக் குடித்து முடித்தார்.

"என்ன பாப்பா, அப்பா உள்ள யானையையா குளிப்பாட்டுறார்?"

நாங்களும் சிரித்தோம்.

மாடித் தொட்டி சின்னது என்பது எனக்கு நினைவு வரவில்லை. குழாய் இருமியது, சொட்டியது, நின்றுபோனது.

"குளிச்சாச்சு போல. வரச் சொல்லும்மா."

அம்மா காலி தம்ளரைப் பிடித்தபடி நின்றாள். கதவு திறக்கவில்லை.

"மாசக் கடைசிக்குள்ள வீட்டைக் காலி பண்ணிடுங்கம்மா" என்றார். அவர் திட்டவில்லை அப்பா, மெதுவாகத்தான் சொன்னார்.

இதை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று கேட்டால், அம்மா உங்கள் சட்டையை மடித்துக்கொண்டே இருக்கிறாள்.

ஒன்று விட்டுப்போயிற்று. போகும்போது அந்த அதிகாரியே குளியலறை விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.

உங்கள் மூத்த மகள்