குண்டனும் ரப்பர் குழாயும்

மார்ச் 4
மகள் பிரசவத்துக்குப் போன நாத்தனார் தன் மீன் தொட்டியை எங்கள் கூடத்தில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறாள். "தீனி மட்டும் போட்டா போதும் அண்ணி." போதுமா? அடியில் கிடக்கும் சரளைக் கல்லை இன்று விரலால் கிளறினேன். பழைய தீனியும் மீன் கழிவும் குப்பென்று எழும்பித் தண்ணீரே கலங்கிவிட்டது. ஊருக்கு இளைத்தவள் நான்தான்.

மார்ச் 6
சரளையைச் சுத்தம் செய்யக் கடையில் தனிக் கருவியே இருக்கிறதாம். இவர் வாங்க விடவில்லை. "மெக்கானிக் வீட்ல இருந்துக்கிட்டு இதையெல்லாம் கடையில வாங்குவாங்களா?" என்று குளிர்பான பாட்டிலின் அடியை வெட்டி, அதன் வாயில் ஒரு ரப்பர் குழாயைச் செருகிக் கொடுத்தார். வெட்டிய பக்கத்தைக் கல்லுக்குள் அழுத்தி, தண்ணீர் நிரப்பிய குழாயின் மறுமுனையைக் கீழே வாளியில் விட வேண்டும். கல் உருண்டு தங்கிவிடுகிறது, அழுக்கு மட்டும் போகிறது. நன்றாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

அதே நாள், மாலை
தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம்! நாத்தனார் பிள்ளை மாதிரி வளர்க்கும் ஆரஞ்சு மீன் குண்டன் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடுகிறான். குழாயை மோந்து பார்த்தேன். பெட்ரோல். வண்டியிலிருந்து பெட்ரோல் இறக்குகிற குழாய்!
"கழுவிட்டுத்தானே கொடுத்தேன்?"
"எதுல கழுவினீங்க?"
"டீசல்லதான்."
இந்த மனுஷனை என்ன செய்ய? குண்டனை நேற்றுப் பிடித்துவைத்த தண்ணீரில் விட்டு, தொட்டியைக் காலி செய்து, அத்தனை கல்லையும் அலசினேன். இடுப்பு விட்டுப்போச்சு. இவர் நின்றுகொண்டு சொல்கிறார்: "செத்தா அதே மாதிரி ஒண்ணு வாங்கி விட்டுடலாம். தங்கச்சிக்கு என்ன தெரியப்போகுது?" எனக்குத் தெரியுமே! அது உயிர் இல்லையா?

மார்ச் 7
இருக்கிறான். தின்னவில்லை.

மார்ச் 9
தின்றான்! எனக்கும் அப்போதுதான் பசித்தது. புதுக் குழாய் வாங்கினேன், கடையிலேயே மோந்து பார்த்து. கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

மார்ச் 15
நாத்தனார் வந்தாள். பளிச்சென்று கிடந்த கல்லைப் பார்த்து வாய் பிளந்தாள். இவர் மீசையைத் தடவிக்கொண்டு, "எல்லாம் நான் செஞ்ச கருவிம்மா. நானேதான் சுத்தம் பண்றேன்" என்கிறார். நானேவா? நாக்கு கூசவில்லை! சமையலறையில் பாத்திரத்தை நான் உருட்டிய சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.
"அண்ணனுக்கு இவ்வளவு அக்கறையா! நான் இன்னும் கொஞ்ச நாள் மக வீட்லயே இருக்கணும் அண்ணி. தொட்டி இங்கயே இருக்கட்டுமா? உங்களுக்குச் சிரமமில்லையே?"
"எனக்கென்னம்மா சிரமம்? எல்லாம் உங்க அண்ணன்தானே பண்றாரு. வாராவாரம் பண்ணுவாரு."


மார்ச் 22, ஞாயிறு
முழங்கை வரை நனைந்துபோய்க் கூப்பிட்டார். "குழாய்ல தண்ணி வரலையே, கொஞ்சம் வாயேன்."
"மடங்கியிருக்கும், பாருங்க" என்றேன், பேப்பரை இறக்காமல். தண்ணீர் வந்தது. கூடமெல்லாம் வந்தது. துடைக்கும் துணியை அவர் தோளில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.