உன் பெயருக்குப் பின்னால் இருந்த பி.இ.

காரைக்குடி

அன்புள்ள தீக்ஷாவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே அப்பாவின் முழங்கால் தவிர எல்லாம் நலம். குர்கானில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். போனில் நான் ஆரம்பித்தாலே மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன், முழுதாகப் படி. உன் அண்ணன் கல்யாணப் பத்திரிகையை உன் மாமா சேவுகப்பெருமாள்தான் அடித்துக் கொண்டுவந்தான். வீட்டார் வரிசையில் உன் பெயருக்குப் பின்னால் பி.இ. என்று இருந்தது. இரண்டாம் வருஷத்தோடு காலேஜை விட்டவளுக்கு இது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "மத்த பிள்ளைக பேருக்கெல்லாம் பின்னால படிப்பு இருக்கு, இது மட்டும் மொட்டையா நின்னா சம்பந்தி வீட்ல என்ன நினைப்பாக? சர்டிபிகேட்டையா கேக்கப் போறாக, போக்கா" என்றான். புராடக்ட் மேனேஜர் என்று உன் வேலையைப் போட்டிருக்கலாமே என்றதற்கு, "அதென்ன உத்தியோகம், சோப்பு விக்கிறதா?" என்று சிரிக்கிறான். அதற்குள் வாட்ஸ்அப்பில் ஊருக்கே அனுப்பியும் இருந்தான். நீயும் சரியாகப் பார்க்காமல் ஆபீஸ் குரூப்பில் போட்டுவிட்டாய். உன் மேலதிகாரி நாராயண், நீ என்ஜினியர் என்று தெரியாதே என்று பாராட்டினாராம். அடுத்த மாதம் பதவி உயர்வு முடிவாகிறது, அதுவரை அப்படியே இருக்கட்டும்மா என்கிறாய்.

இருக்க முடியாது. கடைக்காரர்கள் பில் போடும் ஆப்புக்குப் புகார் போன் எடுக்கச் சேர்ந்தவள் நீ. எந்தப் புகார் திரும்பத் திரும்ப வருகிறது, அதற்கு எதை மாற்ற வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே, ஆப்பில் அடுத்து என்ன வரவேண்டும் என்று முடிவு செய்கிற இடத்துக்கு வந்தாய். பொய் தெரியவந்தால் நீ நிஜமாகச் செய்ததையும் சேர்த்துப் பொய் என்பார்கள். இந்த ஊருக்கு ஆள் வேண்டாம், பெயருக்குப் பின்னால் வால் வேண்டும். நம் தெரு பாண்டிமுருகன் பி.இ. முடித்துவிட்டு சாப்பாடு டெலிவரி செய்கிறான். அவன் பத்திரிகையில் படிப்பைப் போட்டார்கள், வேலையைப் போடவில்லை. என் பெயருக்குப் பின்னால் எதுவும் போட உன் மாமாவுக்குத் தோன்றவில்லை. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குத் தேவையில்லையாம், உனக்கு இன்னும் மாப்பிள்ளை பார்க்க வேண்டியிருக்கிறதாம்.

உண்மையைச் சொன்னால் பதவி கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. டிகிரி இல்லை என்று ஒதுக்கவும் செய்வார்கள். ஒதுக்கினால் வேறு கம்பெனி தேடு. தபால் வழியில் படிப்பதென்றால் உனக்காகப் படி, பத்திரிகைக்காக வேண்டாம். எந்தக் கடைக்காரர் எதற்குத் திட்டினார், நீ எதை மாற்றினாய், பிறகு புகார் நின்றதா என்று நாராயணிடம் எடுத்துச் சொல். டிகிரி இல்லை என்பதையும் அதே மூச்சில் சொல். நேற்று மூலையில் மஞ்சள் தடவும்போதே ஒவ்வொரு பத்திரிகையிலும் அந்த எழுத்துகளின் மேல் பேனாவால் கோடு போட்டுவிட்டேன். "நல்ல காரியத்துல கோடு கிழிக்கிறியேக்கா" என்று மாமா சாப்பிடாமல் போய்விட்டான். பசித்தால் வருவான். நாராயணுக்கும் முறைப்படி ஒரு பத்திரிகை அனுப்புகிறேன், அதிலும் கோடு உண்டு. உனக்கு இது கூரியரில் வருகிறது, அவருக்குச் சாதாரணத் தபால். அது போய்ச் சேருவதற்குள் நீயே சொல்லிவிடு.

ரயில் டிக்கெட் போட்டுவிட்டாயா? கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்துவிடு. உனக்கு நல்லதே நடக்கட்டும், நடக்காவிட்டாலும் வீடு இருக்கிறது.

உன் அம்மா
நாகவல்லி